அம்மாக்களும் மற்ற பெண்களும்

முன்னால் உட்கார மாட்டேன் என்று போனிலேயே சொல்லியிருந்தாள் குணவதி. ஆனாலும் மகள் சுகிர்தா அவளுக்கென்று பிடித்து வைத்திருந்தது மேடைக்கு நேர் எதிரே இருந்த வட்ட மேசையைத்தான். மேசைமேல் சிவப்புக் கண்ணாடிக்குள் ஒரு சின்ன விளக்கு, ஒரு கிளாஸ் எலுமிச்சை ஜூஸ், இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவள், இன்னொன்றில் அவள் கைப்பை. மேடை என்றால் பெரிய மேடை இல்லை, ஒரு சாண் உயரப் பலகை. அதன்மேல் ஒரு பியானோ, அதன் முன்னால் ஆல்பர்ட் என்ற பருத்த மனிதர், நடுவில் மைக். புதுச்சேரியில் கடற்கரைக்குப் போகும் தெருவொன்றில் ஒரு பழைய வீட்டு மாடி. கீழே காபிக்கடை, மேலே இந்த ஹால். வாசலில் ஒட்டியிருந்த தாளில் ‘அம்மாக்களும் மற்ற பெண்களும்: ஒரு காபரே மாலை’ என்று போட்டிருந்தது. அந்தக் காபரே என்ற சொல் படியேறும்போதே அவள் காலைத் தடுக்கிற்று. அவள் வயசுக்காரர்களுக்கு அது சினிமாவில் வில்லன் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கும் இடம், இறகு வைத்த உடை, அந்தக் காட்சி வந்தால் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு பீடா வாங்க வெளியே போவார். அப்படி இல்லம்மா, சின்ன ஹால், ஒரு பியானோ, பாட்டு, நடுநடுவுல பேச்சு, ஜனங்க பக்கத்துல உக்காந்திருப்பாங்க, அவ்வளவுதான் என்று சுகிர்தா எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். இருந்தும் இன்று கிளம்பும்போது மாடி வீட்டுப் புஷ்கலா எங்கே என்று கேட்டதற்கு, பொண்ணு கச்சேரி என்றுதான் குணவதி சொன்னாள். என்ன கச்சேரி, கர்நாடகமா என்றாள் புஷ்கலா. ஆமாம் என்றாள். பொய் சொன்னால் அவளுக்குக் காது சூடாகும். இப்போதும் சூடாகத்தான் இருந்தது, ஏசி ஓடிக்கொண்டிருந்தும்.

சுகிர்தா மேடைக்கு வந்தபோது ஹால் கைதட்டியது. குணவதிக்கு ஒரு கணம் யாரோ வேறு பெண் என்றுதான் பட்டது. கறுப்பில் சிவப்புக் கரை போட்ட சேலை, தோளுக்கு மேல் வெட்டிய முடி, உதட்டில் நல்ல அடர்த்தியான சாயம். முப்பத்தெட்டு வயசாகிவிட்டது இதற்கு, இன்னும் இடது காலில் எடையைப் போட்டு ஒருக்களித்து நிற்கும் பழக்கம் போகவில்லை, பள்ளிக்கூட வரிசையிலும் அப்படித்தான் நிற்கும், நேரா நில்லுடி என்று வாயெடுத்து, அவள் ஒருநாளும் சொன்னதில்லை. வணக்கம், இன்னைக்கு அம்மாக்கள் தினம்னு சொல்றாங்க, எனக்கு அதுல ஒரு வருத்தம், அம்மாவுக்கு ஒரு நாள் குடுத்துட்டு மத்த பொம்பளைங்களுக்கு ஒண்ணுமே குடுக்கலையே, அதனால இன்னைக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பாடறேன் என்று சுகிர்தா ஆரம்பித்தாள். சிரிப்பு. மற்ற பெண்கள். குணவதி கிளாஸைத் தொட்டாள், குடிக்கவில்லை. மற்றவள், இன்னொருத்தி, அவ. வீட்டில் அந்தச் சொற்களை யாரும் சொன்னதில்லை, சொல்லாமல் இருப்பதற்காகவே எத்தனை வாக்கியங்களை வளைத்து வளைத்துப் பேசினார்கள் என்று நினைத்தால் முதுகு வலிக்கிறது. போனில் சுகிர்தா சொன்ன இரண்டு விஷயங்கள் ஒரு வாரமாக அவளைத் தூங்கவிடவில்லை. ஒன்று, உன்னைப் பத்தியும் ஒரு பாட்டு இருக்கும்மா, கோவிச்சுக்காதே. இரண்டாவது, அங்க யாரு வந்தாலும் நீ எழுந்து போயிடக் கூடாது. யார் வருவார்கள் என்று குணவதி கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

முதல் பாட்டு ஒரு தையல்காரியைப் பற்றி. ஊரிலுள்ள எல்லாப் பெண்களின் இடுப்பளவும் தெரிந்தவள், யாரிடமும் சொல்லாதவள், அளவு கூடினால் ‘துணி சுருங்கிடுச்சு’ என்று சொல்லும் கருணை உள்ளவள். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்னால் ஒரு அம்மாள் அப்படியே எங்க தெரு டெய்லர்தான் என்று உரக்கச் சொன்னாள். அடுத்தது கல்யாணமே செய்துகொள்ளாத ஒரு அத்தை. சினிமாவுக்குத் தனியாகப் போகிறவள், இரண்டு டிக்கெட் எடுக்கிறவள், ஒன்று தனக்கு, ஒன்று கைப்பைக்கு. ‘பக்கத்துச் சீட்டில் யாரென்று கேட்டான் / பாப்கார்ன் தின்னாத ஆள் என்று சொன்னேன்.’ குணவதியும் சிரித்துவிட்டாள். பக்கத்து நாற்காலியில் தன் கைப்பை உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டதும் இன்னும் சிரிப்பு வந்தது. நல்ல குரல் பெண்ணுக்கு. அடிவயிற்றிலிருந்து வருகிறது. யாரிடமிருந்து வந்தது? புருஷன் தட்சிணாமூர்த்திக்குக் குளியலறையில்கூட ஒரு வரி சுருதியோடு வராது. மின்துறையில் கோப்பு தூக்கிய மனிதர், பேசுவதே கோப்புக்கு நூல் கட்டுகிற மாதிரி சுருக்கமாக. அப்படியானால் இவளிடமிருந்துதான். ஆனால் இவள் குரலைச் சுகிர்தா எங்கே கேட்டாள்? இருபது வயசு முடிந்து இரண்டு மாதத்தில் குணவதி வெளியூர் போன்களை இணைக்கும் ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். காதில் ஹெட்செட், வாய்க்கு முன்னால் வளைந்து வரும் குழல், சூப்பர்வைசர் பின்னால் நடந்துகொண்டே ஸாஃப்ட்லி, ஸாஃப்ட்லி என்பாள். பக்கத்துப் பக்கத்தில் பதினைந்து பெண்கள் பேசினாலும் அறை ஒரு தேன்கூடு மாதிரி ரீங்கரிக்கும், யாருடைய குரலும் தனியாகத் தெரியாது. மூன்று நிமிஷம் முடிந்தது, நீட்டிக்கட்டுமா என்று கேட்பாள், அந்தப் பக்கம் செத்துப்போன தகப்பனுக்காக ஒருத்தன் அழுதுகொண்டிருப்பான், அப்போதும் அதே குரலில், நீட்டிக்கட்டுமா. அந்தக் குரலைத்தான் வீட்டுக்கும் கொண்டு வந்தாள். சாப்பிட வாங்க, நீட்டிக்கட்டுமா. எங்கே போறீங்க, நீட்டிக்கட்டுமா.

எந்தப் பாட்டு, எதைப் பற்றி, என்று மனசு மறுபடியும் அங்கேயே போய் நின்றது. நாக்கு ஆடும் பல்லைத் தேடிப் போகிற மாதிரி. சமையலைப் பற்றி இருக்கலாம், அவள் வைக்கும் ரசம் நன்றாயிருக்காது என்பதை வேடிக்கையாகப் பாடலாம், பரவாயில்லை. டெலிபோனைப் பற்றி இருக்கலாம், அது பெருமைதான். அல்லது அந்த ஞாயிற்றுக்கிழமை. அதை அவள் அந்த ஞாயிற்றுக்கிழமை என்றுதான் நினைப்பாள், வருஷத்தில் மற்ற ஞாயிறுகளே இல்லாத மாதிரி. சுகிர்தாவுக்கு அப்போது பத்து வயசு, பாட்டுக் கிளாசுக்குப் போயிருந்தாள். தெரியாது, தெரிந்திருக்க முடியாது என்று எத்தனை வருஷம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் தெரு முழுக்கக் கேட்டதே. அந்தத் தெருவில் சுகிர்தாவோடு படித்த பெண் ஒருத்தியாவது இருந்திருக்க மாட்டாளா? உங்கம்மா எங்க தெருவுல வந்து கத்தினாங்கடி என்று ஒரு பென்சில் சீவும் நேரத்தில் சொல்லியிருக்க மாட்டாளா? சுகிர்தா பள்ளியிலிருந்து முகம் வாடி வந்த ஒவ்வொரு மாலையும் குணவதி முதலில் அவள் நோட்டுகளைத்தான் புரட்டுவாள். கணக்கில் மார்க் போய்விட்டது என்று தெரிந்தால் அப்பாடா என்று இருக்கும். மார்க் குறைந்ததற்குச் சந்தோஷப்பட்ட அம்மா. இதைப் பாட்டாக எழுதட்டும்.

மேடையில் ஒரு டிரில் மாஸ்டரம்மாவைப் பற்றிய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, ஆல்பர்ட் பியானோவில் அணிவகுப்பு மாதிரி அடித்துக்கொண்டிருந்தார், அப்போதுதான் கதவு திறந்தது. ஒரு சின்னப் பெண் டார்ச்சைத் தரையில் அடித்தபடி யாரையோ அழைத்து வந்தாள். வெள்ளைச் சேலை, பழுப்புப் புள்ளிகள், தடித்த கண்ணாடி, இடது முழங்கால் சரியில்லாத நடை. இருட்டிலும் குணவதிக்குத் தெரிந்துவிட்டது. இருபது வருஷத்துக்கு மேல் ஒரு முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகவே தெருக்களை மாற்றி மாற்றி நடந்தவளுக்கு அந்த முகம் மறக்குமா? ஜெயசீலி. மருந்துக்கடையில் உட்கார்ந்திருந்தவள். தட்சிணாமூர்த்தி தலைவலி மாத்திரை வாங்கப் போய், வாங்கி, அப்புறமும் போய், போய், இருபத்தாறு வருஷம் போனார். எழுந்து போயிடக் கூடாது. ஓஹோ. இதுதானா? மகளே, இதுதானா? ஹால் நிறைந்திருந்தது. டார்ச் வெளிச்சம் சுற்றிச் சுற்றி வந்து அவள் மேசைக்கே வந்து நின்றது. ஆன்ட்டி, இந்தச் சீட்டுல யாராவது வராங்களா என்று அந்தப் பெண் கேட்டாள். கைப்பை இருக்கிறது என்று சொல்லலாம். இரண்டாவது டிக்கெட் என்று சொல்லலாம். குணவதி கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜெயசீலி உட்கார்ந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மேடையையே பார்த்தார்கள், இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்து யூகலிப்டஸ் தைலத்தின் வாசனை வந்தது. தட்சிணாமூர்த்தியின் சட்டையில் சில நாள் வரும் வாசனை, அதை அவள் ஆபீஸ் சகவாசம் என்று நினைத்துக்கொண்டிருந்த வருஷங்கள் உண்டு. தன்னைவிட மூத்தவள் இவள். அதுதான் அவளை முதலில் அடித்தது, இளமையும் மினுக்கலுமாக ஒருத்தியை மனசுக்குள் வைத்து எரித்துக்கொண்டிருந்தாள், மருந்துக்கடைக்குப் போய்ப் பார்த்தால் தன்னைவிட இரண்டு வயசு கூடின, கண்ணாடி போட்ட, மூக்கு அகன்ற ஒருத்தி. தோற்பதற்குக்கூட ஒரு நியாயம் வேண்டாமா? அவர் போய் ஆறு வருஷமாகிறது. சாவுக்கு இவள் வரவில்லை, தெருமுனை வரை வந்து ஐயர் கடை ஓரமாய் நின்றாள், பாடை போனபிறகு திரும்பிவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். அப்போது குணவதிக்கு அழுகை வந்தது, எதற்கென்று தெரியவில்லை, எல்லாரும் புருஷனுக்காக என்று நினைத்துத் தோளைத் தட்டினார்கள்.

“வரணுமான்னு யோசிச்சேன்” என்றாள் ஜெயசீலி, மேடையைப் பார்த்தபடியே. “பாப்பாதான் ரெண்டு தரம் வீட்டுக்கு வந்து கூப்பிட்டுச்சு.”

பாப்பா. அவர் அங்கே போய்ச் சுகிர்தாவைப் பாப்பா என்றுதான் சொல்லியிருக்கிறார். வீட்டிலும் அப்படித்தான். ஒரே சொல்லை இரண்டு வீட்டிலும் வைத்திருந்தாரே மனிதர், அலுக்கவில்லையா?

“வீட்டுக்கு வருவாளா?”

“அவரு போனப்புறம் வர ஆரம்பிச்சுது. எப்பவாவது. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது என்று சொல்ல குணவதிக்குப் பிடிக்கவில்லை. தெரியும் என்று சொன்னால் காது சூடாகும். ஜூஸை எடுத்து ஒரு வாய் குடித்தாள், சர்க்கரை அதிகம். அப்போது பியானோ நின்றது. சுகிர்தா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அடுத்தது எங்க அம்மாவுக்கு, என்றாள்.

குணவதியின் உடம்பில் எங்கெங்கோ கதவுகள் சாத்திக்கொண்டன. அந்த ஞாயிறு தானாக எழுந்து வந்தது, இவள் கூப்பிடாமலே. மே மாதம், இப்போது மாதிரியே வெயில், காலை பூசை முடிந்து ஜனங்கள் கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்த நேரம். அவள் சண்டைக்கென்று போகவில்லை. சத்தியமாக இல்லை. பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று போனாள். எந்த வீடு என்று மட்டும், வாசல் எப்படி இருக்கிறது என்று மட்டும். போனால், வாசலை ஒட்டிய கொடியில் அவருடைய நீலக்கோட்டுச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அந்தச் சட்டையின் காலர் பொத்தான் விழுந்துவிட்டதென்று, வேறு நிறத்தில் ஒரு பொத்தான் வைத்துத் தைத்தவள் இவள். அந்தப் பொத்தான் வெயிலில் பளிச்சென்று கண்ணைக் குத்திற்று. அதற்குப்பிறகு என்ன நடந்தது என்பது அவளிடம் துண்டுதுண்டாகத்தான் இருக்கிறது. ஒரு சத்தம் கேட்டது. யார் இப்படிக் கத்துகிறார்கள் என்று திரும்பிப் பார்த்த ஞாபகம் இருக்கிறது, அது தன் வாயிலிருந்துதான் வருகிறது என்று புரிவதற்குள் எதிர்வீட்டு மாடியில் ஆட்கள் வந்துவிட்டார்கள். என்ன கத்தினாள்? ஒரு சொல்கூட நினைவில்லை. அவமானச் சொற்கள்தான் சொல்லியிருப்பாள், தெருச்சண்டையில் பெண்கள் சொல்கிற சொற்கள், எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசர் கேட்டால் மயங்கி விழுந்திருப்பாள். ஈரச் சட்டையோடு வீட்டுக்கு வந்தது நினைவிருக்கிறது. ரிக்‌ஷாவில் மடி நனைந்தது. வந்து அந்தச் சட்டையைத் தன் வீட்டுக் கொடியில் காயப்போட்டாள். சாயங்காலம் தட்சிணாமூர்த்தி வந்தார். கொடியில் சட்டையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாள் அதையே போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனார். அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாரும் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார்கள், எங்கே எதன்மேல் கால் பட்டுவிடுமோ என்று.

சுகிர்தா பாட ஆரம்பித்திருந்தாள். மெதுவாக, பியானோவே இல்லாத மாதிரி.

‘கதவு சாத்தும் சத்தமில்லை எங்கள் வீட்டில்
கரண்டி விழும் சத்தமில்லை எங்கள் வீட்டில்
அம்மா நடந்து வந்தாளென்றால்
அடுப்புத் தீயும் குரல் தாழ்த்தும்.’

தெரியவில்லை. அவளுக்குத் தெரியவில்லை. குணவதியின் மூச்சு முழுவதுமாக வெளியே போயிற்று. தோள்கள் இறங்கின. இத்தனை வருஷப் பயம், ஒரு பென்சில் சீவும் நேரத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, மகளுக்கு ஒன்றும் தெரியாது. ஹாலில் சிரிப்பில்லை, நல்ல அமைதி. ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். பாட்டு போய்க்கொண்டிருந்தது. அம்மா கேட்கவில்லை, அம்மா கேள்வியை மடித்துப் பீரோவில் வைத்தாள், அம்மா பொறுத்தாள், கடல் பொங்காமல் ஒரு சொம்புக்குள் உட்கார்ந்த மாதிரி அம்மா பொறுத்தாள். அழகான வரி. யாருடைய அம்மா இவள்? ஆறுதல் வந்த வழியிலேயே இன்னொன்றும் வந்தது, முதலில் அது என்னவென்று அவளுக்குப் புரியவில்லை, செருப்புக்குள் நுழைந்த மணல் மாதிரி. சொம்புக்குள் உட்கார்ந்த கடல். பொறுத்தவள். கோபமே வராதவள். அவள் படத்துக்கு மாலை போட்டு மாட்டுகிறார்கள், அவள் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். பொறுத்தேனா? ராத்திரி அவர் தூங்கும்போது அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டே எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் தட்டில் சோற்றை வைக்கும்போது ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு சாபம் வைத்தேன். எக்ஸ்சேஞ்சில் ஒரு நாள் யாரோ ஒருவன் தன் காதலியோடு கொஞ்சிக்கொண்டிருந்தான், வேண்டுமென்றே லைனைப் பிடுங்கினேன். இதெல்லாம் பொறுமையா? சத்தம் இல்லாததெல்லாம் பொறுமையா? அந்த வீட்டின் அமைதியைக் கேட்டு வளர்ந்த குழந்தை அதை அன்பு என்று எழுதிக்கொண்டுவிட்டது. பாவம் அது, அதற்கு வேறென்ன தெரியும், கேட்டதைத்தானே எழுதும். நான்தான் கேட்கக் கொடுக்கவில்லை.

பாட்டு முடிந்தது. கைதட்டல் நிற்கவே இல்லை, சிலர் எழுந்துகூட நின்றார்கள். அந்தச் சத்தத்துக்கு அடியில், பக்கத்திலிருந்து, ஜெயசீலி மெல்லச் சொன்னாள்: “இது நீங்க இல்லையே, குணா.”

குணா. அவர் கூப்பிடும் பேர். அவர் போனபிறகு அந்தப் பேரை யாரும் சொன்னதில்லை. சுகிர்தாவுக்கு அம்மா, ஆபீஸ்காரர்களுக்கு மேடம், புஷ்கலாவுக்குச் சுகிர்தா அம்மா. இவளுக்கு வேறு பேர் தெரியாது, அவர் வாயில் கேட்டதுதான் தெரியும், இருபத்தாறு வருஷம் அந்த வீட்டில் உட்கார்ந்து அவர் குணா குணா என்று சொல்லியிருக்கிறார். என்ன சொன்னார், எதற்குச் சொன்னார்? கோபம் வர வேண்டும், வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. அதைவிட விசித்திரமாக ஒன்று வந்தது. இந்த ஹாலில் இத்தனை பேரில், தன்னைத் தெரிந்த ஒரே ஆள் இவள்தான் என்று தோன்றியது. தன் குரலைக் கேட்ட ஒரே ஆள்.

“நீங்க மறந்திருப்பீங்கன்னு நினைச்சேன்” என்றாள் குணவதி.

“மறக்கறதா? எங்க தெருவுல இன்னும் சொல்லுவாங்க. எனக்கு அன்னிக்குக் கோபம்தான். அப்புறம் நினைச்சுக்கிட்டேன், இவரு சொல்ற ஆளு வேற, வாசல்ல வந்து நிக்கற ஆளு வேறன்னு. இவரு உங்களப் பத்தி ரொம்ப சாதுன்னு சொல்லுவாரு.”

“சாதுவா?”

“வாயில்லாப் பூச்சின்னு.”

மேடையில் சுகிர்தா கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருட்டைப் பார்த்தாள். எங்க அம்மா இங்கதான் இருக்காங்க, என்றாள். ஒரு விளக்கு தட்டுத்தடுமாறி மேசைமேல் வந்து விழுந்தது. கைதட்டல் மறுபடியும் கூடியது. அந்த டார்ச்சுப் பெண் ஒரு மைக்கோடு ஓடி வந்தாள். அம்மா, ஒரு வார்த்தை பேசு, நீ பேச மாட்டேன்னு தெரியும், சும்மா வணக்கம் மட்டும் சொல்லு போதும், என்றாள் சுகிர்தா, கொஞ்சலாக. எல்லாரும் சிரித்தார்கள், அன்பாகத்தான். எழுந்து கைகூப்பி உட்கார்ந்துவிடலாம். பாட்டிலிருக்கும் அம்மா அப்படித்தான் செய்வாள், எல்லாரும் எதிர்பார்ப்பதும் அதுதான், மகளுக்கும் அதுதான் அழகு. மாலை நல்லபடியாக முடியும், வீட்டுக்குப் போய்ப் புஷ்கலாவிடம் கச்சேரி நன்றாயிருந்தது என்று சொல்லலாம். பிறகு செத்துப் போகலாம். செத்தபின் சொம்பில் அடைத்து அஸ்தியைக் கடலில் கரைப்பார்கள், பொறுமைசாலி என்று பேசிக்கொள்வார்கள், பேத்தி என்று ஒருத்தி பிறந்தால் அவளிடமும் அதையே சொல்லி வளர்ப்பார்கள். அவளும் அடுப்புத் தீயோடு சேர்ந்து குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

குணவதி எழுந்தாள். மைக் கனமாக இருந்தது, ஹெட்செட் மாதிரி இல்லை.

“பாட்டு நல்லா இருந்துச்சு” என்றாள். எக்ஸ்சேஞ்சுக் குரல்தான் வந்தது. “ரொம்ப நல்லா எழுதியிருக்கே. ஆனா அந்தம்மா யாருன்னு எனக்குத் தெரியல.”

சிரித்தார்கள், தன்னடக்கம் என்று. சுகிர்தாவும் சிரித்தாள்.

“சிரிக்கிறதுக்குச் சொல்லல. நான் கத்தியிருக்கேன்டி. ஒரு தரம். தெருவுல நின்னு, ஊரே கேக்கற மாதிரி.”

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. சுகிர்தா மைக்கை வாயிலிருந்து கொஞ்சம் இறக்கினாள். ஆல்பர்ட் பியானோவிலிருந்து கையெடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“எப்பம்மா?”

“உனக்குப் பத்து வயசு. நீ பாட்டுக் கிளாசுல இருந்தே.”

“யாரை?”

குணவதி வாயெடுப்பதற்குமுன் பக்கத்து நாற்காலியிலிருந்து ஜெயசீலி வகுப்பில் ஆஜர் சொல்வதுபோல் கையைத் தூக்கினாள். “என்னைத்தான்” என்றாள். வெளிச்சம் கொஞ்சம் நகர்ந்து அவளையும் சேர்த்துக்கொண்டது. ஹாலில் யாரோ ஐயய்யோ என்றார்கள், தாளமுடியாத சந்தோஷத்தோடு. சுகிர்தாவின் முகத்தில் சாயத்துக்கு அடியிலிருந்து அந்தப் பத்து வயசு எட்டிப் பார்த்தது. பயந்தாளா, அழப் போகிறாளா? சொல்லியிருக்கக் கூடாதோ, இவளுடைய மாலையை நான் கெடுத்துவிட்டேனோ? ஆனால் சுகிர்தா மேடையின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள், சேலையைக்கூட ஒதுக்காமல், கதை கேட்க உட்காருகிற மாதிரி.

“என்ன சொல்லிக் கத்தினே?”

“அதுதான் ஞாபகமில்ல.” உண்மையாகவே தேடினாள். வெயில் இருந்தது, பொத்தான் இருந்தது, வாய் திறந்திருந்தது, சொல் இல்லை. திரும்பி ஜெயசீலியைப் பார்த்தாள். இருபது வருஷமாய்ப் பார்க்காத முகத்தை நேராக, கண்ணாடிக்குள் கண் எங்கே இருக்கிறதென்று தேடிப் பார்த்தாள். “என்ன சொன்னேன்?”

ஜெயசீலி மேசையில் கையூன்றி எழுந்தாள், முழங்கால் ஒத்துழைக்கவில்லை, குணவதி தன்னை அறியாமல் அவள் முழங்கையைப் பிடித்தாள்.

“என்னை ஒண்ணும் திட்டல” என்றாள் ஜெயசீலி, ஹாலைப் பார்த்து அல்ல, அவளைப் பார்த்து. “நான் உள்ள நின்னு திட்டு வரும் திட்டு வரும்னு காத்துக்கிட்டு இருந்தேன். நீங்க சொன்னது இவ்வளவுதான். ‘நான் டெலிபோன்காரி. என் குரல் டில்லி வரைக்கும் போகுது. நான் பெத்த புள்ளைக்குக் கேக்கல, கட்டினவனுக்குக் கேக்கல. உனக்காவது கேக்குதாடி?’ இதையே திரும்பத் திரும்பச் சொன்னீங்க. கொடியிலேர்ந்து சட்டைய உருவினீங்க. கிளிப்பு ரெண்டையும் மறுபடி கொடியிலேயே மாட்டிட்டுப் போனீங்க.”

கீழே காபிக்கடையில் கப் கழுவும் சத்தம் மாடி வரை வந்தது. குணவதிக்குக் கால் தரையில் இருப்பது தெரிந்தது. அவமானச் சொற்கள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். அப்படியா சொன்னேன்? கேட்டிருக்கிறேன். கேள்விதான் கேட்டிருக்கிறேன். அதற்கு வெட்கப்பட்டு இத்தனை வருஷம் குரலைத் தூக்கிப் பரண்மேல் போட்டிருந்தேன்.

“கேட்டுதா?” என்றாள்.

“கேட்டுச்சு, குணா. அதான் வெளியில வரல.”

மேடை விளிம்பிலிருந்து சுகிர்தா, “அம்மா” என்றாள். அவள் கன்னம் நனைந்திருந்தது, மை கோடு போட்டிருந்தது, அவள் அதைத் துடைக்கவில்லை. “எனக்கு ஒரு தரம் கத்திக் காட்டு.”

குணவதி மைக்கை மேசைமேல் வைத்தாள். அது தேவையில்லை. ஜூஸ் கிளாஸைக் கொஞ்சம் நகர்த்தினாள். இத்தனை பேர் முன்னாலா என்று ஒரு பக்கம் சொல்லிற்று, அந்தப் பக்கம் எப்போதும் அப்படித்தான் சொல்லும். வாயைத் திறந்தாள்.

“நான் டெலிபோன்காரி” என்றாள். குரல் உடைந்தது. தொண்டையைச் செருமினாள். மறுபடி, கொஞ்சம் மேலே, “என் குரல் டில்லி வரைக்கும் போகுது.” அதற்குமேல் சொல்லவில்லை. ஹால் முழுக்க அது பரவியது, பின்சுவரில் பட்டுத் திரும்பியது, தன் காதிலேயே வந்து விழுந்தது. யாருடையது இது, என்று திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. பின்னாலிருந்து ஒருவர் கைதட்ட ஆரம்பித்து, தனியாக இருப்பது தெரிந்து நிறுத்திக்கொண்டார். எல்லாரும் ஜெயசீலியைப் பார்த்தார்கள், சாட்சியைப் பார்ப்பது போல.

ஜெயசீலி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, மருந்தின் அளவைச் சரிசொல்லும் குரலில், “இல்ல” என்றாள். “அன்னிக்கு இன்னும் சத்தமா இருந்துச்சு.”

குணவதி மூச்சை இழுத்துக்கொண்டாள்.